‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் சொன்னால்?

கேள்வி: எனக்கு 47 வயது. ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. பாடம் நடத்தும்போதே முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் தூக்கமில்லை. மருத்துவர், “எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதற்குச் சிகிச்சையே இல்லையா?

பதில்: உண்டு. எல்லோருக்கும் வருவதுதான் என்பது சரியே. பிரசவ வலியும் அப்படித்தான், அதற்காக யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதில்லை. நீங்கள் சொல்வது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் மெனோபாஸ் என்கிறோம். இந்தச் சூடும் வியர்வையும் பலருக்குச் சில ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

மகளிர் நோய் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவிலும் காட்டலாம். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. “உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது” என்று தொடங்கினால் அந்த நேரம் அதிலேயே கழிந்துவிடும். ஆகவே, அதற்கு முன் இரண்டு வாரம் நாட்காட்டியிலேயே குறித்து வாருங்கள்: “செவ்வாய் – பகலில் 6 முறை, இரவு 3 முறை விழிப்பு, ஒரு முறை நைட்டி மாற்றினேன்.” இப்படி ஒரு தாளை நீட்டினால், பொறுத்துக்கொள்ளச் சொல்வது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல.

45 வயதைக் கடந்தவருக்கு இதை உறுதிசெய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இந்தக் கட்டத்தில் அந்த அளவுகள் நாளுக்கு நாள் மாறும். தைராய்டு பரிசோதனை அவசியம், ஏனெனில் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, “எனக்கு ஹார்மோன் சிகிச்சை பொருந்துமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். உடல் சூட்டுக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. இதன்மீதுள்ள அச்சம் பெரும்பாலும் 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் வகை ஆகிய இரு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரோனும் எடுத்தாக வேண்டும். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லில், மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்து குறைவு.

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அத்தகையோருக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. முதலாவது மனச்சோர்வுக்கும் தரப்படுவது. மருந்துக் கடையில் அதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம்.

“கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்” என்று யாராவது சொன்னால், கட்டாயம் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். உடல் சூட்டுக்கு அது சிகிச்சையே அல்ல. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் சூடு இன்னும் கடுமையாகும்.

சிகிச்சை தொடங்கினால் மூன்று மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி காட்டுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மறுபடி காட்ட வேண்டிய நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.