முப்பதில் ஒருவர்: புதுச்சேரி சட்டமன்றமும் பெண்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்கால் பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறோம். எங்களில் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்க விரும்புகிறார். "மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வரத்தான் போகிறது, அதுவரை பொறுங்கள்" என்கிறார்கள் கட்சிக்காரர்கள். பெண் வாக்காளர்கள் அதிகமுள்ள ஊரில் பெண்கள் ஏன் ஜெயிப்பதில்லை? நாங்கள் காத்திருக்க வேண்டுமா? சீட்டு கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்பதில் அர்த்தம் உண்டா?

ஒரு வாசகி, காரைக்கால்

அன்புள்ள வாசகிக்கு,

காத்திருக்க வேண்டாம். ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் படித்தாலே காரணம் விளங்கும். மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் டெல்லிச் சட்டமன்றத்துக்கும் 2023 செப்டம்பரில் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. புதுச்சேரி அதில் இல்லை. நமக்கான தனித் திருத்தம் அதே ஆண்டு டிசம்பரில்தான் நிறைவேறியது. நேரடித் தேர்தல் நடக்கும் 30 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, அதாவது 10 இடங்கள் பெண்களுக்கு. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதன்பேரில் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அது பலிக்கும் என்று சட்டமே சொல்கிறது. மத்திய அரசு நியமிக்கும் மூன்று உறுப்பினர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. 2017இலும் 2021இலும் நியமிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள்தான்.

இன்னொரு அபாயமும் உண்டு. தயாரான பெண்கள் இல்லாத ஊரில் ஒதுக்கீடு வந்தால், நடப்பு எம்.எல்.ஏ.வின் மனைவியோ மகளோதான் வேட்பாளராவார். தொகுதியை நடத்துவது பழைய ஆளே. அதைத் தடுக்கக்கூடியவர்கள் உங்களைப் போல இப்போதே களத்தில் நிற்பவர்கள்தான்.

பெண்கள் ஏன் ஜெயிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்காளர்கள் பெண்களைப் புறக்கணிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2016 தேர்தலைப் பாருங்கள். நான்கு பெண்கள் வென்றார்கள்: நெடுங்காட்டில் சந்திர பிரியங்கா, நெட்டப்பாக்கத்தில் விஜயவேணி, திருபுவனையில் கோபிகா, நிரவி–திருமலைராயன்பட்டினத்தில் கீதா ஆனந்தன். இவற்றில் முதல் மூன்றும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். புதுச்சேரியில் தனித்தொகுதிகள் மொத்தமே ஐந்து. ஐந்தில் மூன்றில் பெண்கள் வென்றார்கள், மீதி 25 பொதுத் தொகுதிகளில் ஒரே ஒருவர். வாக்காளரின் மனம் தொகுதிக்குத் தொகுதி இப்படி மாறாது. பொதுத் தொகுதியில் பல ஆண்டுகளாகப் பணம் போட்டுக் காத்திருக்கும் ஆண் தலைவர்களை மீறிக் கட்சிகள் பெண்ணுக்குச் சீட்டு கொடுப்பதில்லை. அடைப்பு அங்கேதான் இருக்கிறது. 2021இல் நால்வரில் சந்திர பிரியங்கா மட்டுமே மீண்டும் வென்றார். சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் அமைச்சர் அவர். அவருக்கு முன் எண்பதுகளின் தொடக்கத்தில் ரேணுகா அப்பாதுரை இருந்தார். 2023 அக்டோபரில் சந்திர பிரியங்கா அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது, சாதி, பாலினத் தாக்குதலுக்கு ஆளானதாகக் கடிதத்தில் எழுதினார். முதல்வருக்கு அவருடைய செயல்பாட்டில் ஏற்கெனவே அதிருப்தி இருந்தது என்று ஆளுநர் தரப்பு சொன்னது. எது எப்படியானாலும், அவையில் ஒரே பெண் என்பது எவ்வளவு தனிமையான இடம் என்பது அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைப் பலரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் முதலில் வார்டு உறுப்பினராகிறார், பிறகு ஊராட்சித் தலைவர், அதன்பின் சட்டமன்றம் என்று கேட்க முடிகிறது. புதுச்சேரியில் அந்த ஏணியே இல்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டில் அப்போது நிறையப் பெண்கள் வந்தார்கள். 2011இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் கையெழுத்துப் போட்டுப் பழகிய பெண்கள் ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போனார்கள். "அனுபவமுள்ள பெண் எங்கே?" என்று கட்சி அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் இருப்பது இந்த வெற்றிடம். உள்ளாட்சித் தேர்தலுக்காக நீங்கள் குரல் கொடுப்பதும் சட்டமன்ற வேலைதான்.

சரி, சுயேச்சை. புதுச்சேரியில் அது வீண் முயற்சி அல்ல. 2021இல் ஆறு சுயேச்சைகள் வென்றார்கள். ஆறு பேரும் ஆண்கள். தொகுதி சிறியது என்பதே காரணம்: சுமார் 10 லட்சம் வாக்காளர்களை 30ஆல் வகுத்தால் சராசரி 33,000. கால்நடையாகவே எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். தொகுதி சிறியது என்பதே பெண்ணுக்குப் பாதகமும். இவ்வளவு சின்னத் தொகுதியில் எம்.எல்.ஏ. என்பவர் கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வந்து நிற்கும் ஆள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். வீட்டில் சோறு யார் ஆக்குவது என்பது முடிவாகாமல் இதில் இறங்கக் கூடாது. வேட்பாளரின் குடும்பத்தோடு உட்கார்ந்து இதை முதலில் பேசுங்கள்.

அடுத்து வாக்காளர் பட்டியல். குழுப் பெண்கள் பூத் வாரியாகப் பிரிந்து வீடு வீடாகச் சரிபாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள்களின் பெயர் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே கிடக்கும். படிவம் 8இல் மாற்ற வேண்டும், புதுப் பெயருக்குப் படிவம் 6. மனுத்தாக்கல் கடைசி நாள் நெருங்கும்வரை விட்டால் காரியம் கெடும்.

வேட்புமனுவில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான்: வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் தப்பு, அல்லது வேறு தொகுதிக்காரர் கையெழுத்து. கூடுதலாக இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளரின் பெயர் வேறு தொகுதிப் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் அவசியம். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, இல்லாததற்கு "இல்லை" என்றே எழுதுங்கள். கணவரின் சொத்தும் கடனும் அதில் வரும். இதைக் கடைசி நாளில் கேட்டால் பல வீடுகளில் சண்டைதான் வரும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே திறந்திருக்க வேண்டும். அரசுச் சம்பளம் வாங்குபவர் என்றால் ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம் கையில் இல்லாமல் மனு போடாதீர்கள்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 27,000 ஓட்டு என்றால் 4,500க்கு மேல், வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். சுயேச்சைக்குச் சின்னம், மனு வாபஸ் நாள் முடிந்த பிறகே ஒதுக்கப்படும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சுமார் இரண்டு வாரம்தான். ஆகவே சின்னத்தை நம்பாமல், அதற்கு முன்பே முகத்தையும் பெயரையும் பழக்கிவிட வேண்டும்.

பணத்தைவிட முக்கியம் பூத் ஏஜென்ட், அதாவது வாக்குச்சாவடியில் வேட்பாளர் சார்பில் உட்காரும் ஆள். முப்பதுக்கு மேற்பட்ட பூத்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருவர், மாற்றாக இருவர். இந்த ஆள்பலம் கட்சிகளுக்கு நிகராக உங்கள் குழுக்களிடம்தான் இருக்கிறது. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே தொடங்கும், அப்போது அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டு வேலைக்காக எழுந்து வந்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. பதிவான மொத்த ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பக் கூடாது. எண்ணிக்கை நாளில் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

முதல் தேர்தலில் தோற்கும் வாய்ப்பே அதிகம். தோற்றவர்கள் செய்யும் தப்பு, மனம் சோர்ந்து செலவுக் கணக்கை விட்டுவிடுவது. முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் அதைக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி இழக்க நேரிடும். உள்ளாட்சித் தேர்தலோ இடைத்தேர்தலோ அந்த மூன்று ஆண்டுக்குள்ளேயே வரலாம். கணக்கு எழுத முதல் நாளிலிருந்தே ஒருவரைத் தனியாக நியமியுங்கள். குழுவின் வரவு செலவு நோட்டை ஆண்டுக்கணக்கில் எழுதிவரும் பெண் யாரோ, அவரே போதும்.