பழைய 742 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். அலுவலக நண்பரின் குடும்பப் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். வார இறுதிகளில் அவர்களோடு போய்ப் பழகியாகிவிட்டது. இப்போது சொந்தமாக, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். தோட்டா அளவு .308 அல்லது .30-06. நண்பரின் அப்பா தன் பழைய ரெமிங்டன் 742-ஐ மலிவாகத் தருகிறேன் என்கிறார், ஒருமுறைகூட ஜாம் ஆனதில்லையாம். கடைக்காரர் பிரவுனிங் பிஏஆர் அல்லது பெனெல்லி ஆர்1 என்கிறார். இணையத்தில் பார்த்தால் எல்லோரும் ஏஆர்-10. நம்பிக் கையில் எடுக்க எது சரி? கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனே போதுமா?

பதில்: 742 வேண்டாம். மற்ற மூன்றில் எதை வாங்கினாலும் பெரிய தவறில்லை, ஆனால் உங்கள் தேவைக்கு .308-ல் ஒரு பிஏஆர் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நம்பகம் என்றால் எல்லோரும் "எத்தனை தடவை ஜாம் ஆகும்" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அதற்கான பதில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது: என்ன தோட்டா போடுகிறீர்கள், தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் சேம்பரைத் துடைக்கிறீர்களா, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் நல்ல நிலையில் இருக்கிறதா. கம்பெனியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. துப்பாக்கி தேயும்போது எது தேய்கிறது? முப்பது டாலர் உதிரிப் பாகமா, துப்பாக்கியின் உடலேயா? 742 தோற்பது இந்த இடத்தில்தான்.

ரெமிங்டன் 742 வுட்ஸ்மாஸ்டர் 1960 முதல் 1980 வரை வந்த துப்பாக்கி. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவில் பாதி வீடுகளின் அலமாரியில் தாத்தா வைத்துவிட்டுப் போன ஒன்று இருக்கும் என்று தோன்றும் அளவுக்கு. சுட்டதும் குழலில் இருந்து கொஞ்சம் வாயு பிரிந்து வந்து, சேம்பரின் வாயை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. அந்த போல்ட்டின் தலையில் லக்குகள் எனும் சின்னச் சின்னப் பூட்டுப் பற்கள் பல வரிசையாக இருக்கின்றன. வேகமாகப் பின்னோக்கி ஓடும்போது அவற்றின் விளிம்புகள் போல்ட் ஓடும் உடல் பகுதியான ரிசீவரின் உட்பக்கத்தில் இருக்கும் தண்டவாளத்தை மோதிக்கொண்டே போகும். ஒரு தடவைக்கு ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் தடவைக்குப் பிறகு அந்தத் தண்டவாளம் கொத்தின அம்மி மாதிரி ஆகிவிடும். போல்ட் அந்தப் பள்ளங்களில் தட்டுத் தடுமாறும், ஒரு நாள் நட்டநடுவில் நின்றேவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட இதே போல்ட் அமைப்பைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கும் பம்ப் ரைஃபிளாகவும் ரெமிங்டன் செய்தது. மாடல் 760. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக்குக்கு அனுமதி கிடையாது என்பதால் அங்கே அந்த பம்ப் ரைஃபிளுக்குத் தனி மவுசு. அதில் இந்தக் கொத்தல் தொல்லை பெரிதாகக் கிடையாது. மனிதக் கை தள்ளும் வேகம் வேறு, வாயு தள்ளும் வேகம் வேறு. 1981-ல் 7400 வந்தபோது ரெமிங்டனே அந்தச் சின்ன லக்குகளை விட்டுவிட்டுப் பெரிய லக்குகள் நான்கு வைத்தது.

நண்பரின் அப்பா பொய் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு மான், அதற்கு முன் குறி சரிபார்க்க நாலு தோட்டா என்று சுட்டிருந்தால் நாற்பது வருடத்திலும் அந்தத் துப்பாக்கி தேய்ந்திருக்காது. பன்றி வேட்டை அப்படி இல்லையே, ஒரே இரவில் அவருடைய பல வருடக் கணக்கைத் தீர்த்துவிடுவீர்கள். ரிசீவர் போனால் மாற்றவும் முடியாது. அமெரிக்கச் சட்டப்படி வரிசை எண் அடித்த ரிசீவர்தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரிப் பாகம். போதாக்குறைக்குப் பழைய ரெமிங்டன் கம்பெனி 2020 திவாலில் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, போல்ட்டைப் பின்னால் பூட்டி, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறும் வாசல் வழியாக உள்ளே வெளிச்சம் அடியுங்கள். தண்டவாளம் வழுவழுவென்று ஒரே கோடாக ஓடினால் சரி. ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக வெட்டுகள் தெரிந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். அப்புறம் சேம்பரையும் பாருங்கள். துருப்பிடித்த சேம்பர் இந்த மாடலின் இரண்டாவது வியாதி. சுட்ட கூடு துருவில் கவ்விக்கொள்ளும், அதை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும்.

பழைய துப்பாக்கி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது வின்செஸ்டர் மாடல் 100 காட்டினால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை மாற்றியதா என்று கேட்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். பின் உடைந்து, போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே வெடிக்கலாம் என்று 1990-ல் கம்பெனியே திரும்ப அழைத்த துப்பாக்கி அது. அந்த அழைப்பு வந்தது தெரியாமலே அலமாரியில் தூங்குகிறவை இன்னும் இருக்கின்றன.

சரி, பிஏஆர். பேர் ஒன்றாக இருந்தாலும் முதல் உலகப் போர்க் காலத்து ராணுவ பிஏஆருக்கும் இதற்கும் எந்திர உறவு எதுவும் இல்லை. இது 1967-ல் வந்த வேட்டைத் துப்பாக்கி. ஜான் பிரவுனிங்கின் பேரன் புரூஸ் பிரவுனிங் முன்னின்று வடிவமைத்தது. குழலுக்குக் கீழே ஒரு பிஸ்டன், ஏழு லக் கொண்ட சுழலும் போல்ட். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற முரட்டுத் தோட்டாவையும் இதே அமைப்பு தாங்குகிறது என்பதால் .308 அதற்குச் சுலபம். பழைய பிஏஆரில் வழக்கமாகப் போவது ரிசீவரின் பின்கோடியில் போல்ட் வந்து மோதும் பஃபர். வருடக்கணக்கில் எண்ணெயில் ஊறி நொறுங்கிவிடும். ஆனால் அது மாற்றக்கூடிய பாகம். ஸ்பிரிங்கும் அப்படித்தான். குறை என்றால், முன்கட்டையைக் கழற்றி பிஸ்டனைத் துடைப்பது வரைதான் நம் வேலை. அதற்கு மேல் உள்ளே போகக் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டு, மாட்டத் தெரியாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெனெல்லி ஆர்1-ன் வாயு அமைப்பு அதே கம்பெனியின் எம்4 ஷாட்கன்னில் இருந்து வந்தது. அமெரிக்க மரீன் படை தேர்ந்தெடுத்த ஷாட்கன் அது. பிஸ்டன் சேம்பருக்கு மிக அருகில் இருப்பதால் வாயு இன்னும் சூடாக இருக்கும்போதே வேலையை முடித்துவிடுகிறது, கரி குறைவாகப் படிகிறது. துடைக்கச் சோம்பல் என்றால் இது உங்களுக்கு ஏற்றது. நான் பிஏஆரை முன்னால் வைப்பதற்குக் காரணம், பிஏஆர் தெரிந்த கன்ஸ்மித்தும் அதன் பாகங்களும் எந்த ஊரிலும் சுலபமாகக் கிடைக்கும் என்பது மட்டும்தான்.

ஏஆர்-10 பற்றிக் கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட் கம்பெனியில் செய்த மூல வடிவம் நல்ல வடிவம். சிக்கல், அதன் தம்பி ஏஆர்-15-க்கு இருப்பதுபோல் இதற்கு ஒரே அளவுத்திட்டம் கிடையாது. மேகசினே இரண்டு மூன்று வகை. ஒரு கம்பெனியின் போல்ட் இன்னொரு கம்பெனியின் ரிசீவரில் சரியாக உட்காரும் என்று உத்தரவாதம் இல்லை. நல்ல கம்பெனி முழுதாகச் செய்து விற்பதை வாங்கினால் சொன்ன பேச்சு கேட்கும். நாலு கடையில் பாகம் வாங்கி வீட்டில் பூட்டினால் நீங்கள்தான் அதற்கு எஞ்சினியர். ஆனால் தேய்வது எல்லாமே கழற்றி மாற்றக்கூடியது, அதுவும் சமையலறை மேசையில் வைத்தே. வேட்டை நேரம் போக மீதி நேரத்தில் நோண்டிக்கொண்டிருப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எடையையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும், "திடீரென்று சுடவில்லை" என்று வருகிற புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: போல்ட்டை எப்படி மூடினீர்கள்? இருட்டில் பன்றிக் கூட்டம் எண்பது கஜத்தில் நிற்கிறது. சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று போல்ட் கைப்பிடியைப் பிடித்தபடியே மெல்ல மெல்ல முன்னால் விடுகிறோம். கடைசி அரை சென்டிமீட்டரில் போல்ட் சுழன்று பூட்டுவதற்கு ஸ்பிரிங்கின் முழு வேகமும் வேண்டும். அது இல்லாததால் பூட்டாமல் நிற்கிறது. விசையை இழுத்தால் "க்ளிக்", இல்லாவிட்டால் அதுவும் இல்லை. போல்ட்டை இழுத்து, முழுசாக விட்டுவிடுங்கள். சத்தம் வரும்தான். அதனால் பண்ணைக்குள் உங்கள் இடத்தில் போய் உட்கார்ந்ததுமே, பன்றி வருவதற்கு வெகு முன்பே, தோட்டாவை ஏற்றி சேஃப்டியைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தோட்டா. கடைத் தோட்டாவை அப்படியே சுடுங்கள். இரண்டு மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டியாவது ரேஞ்சில் சுட்டுப் பார்த்து, ஒரு ஜாம்கூட இல்லாமல் ஓடுவதை வேட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈய முனை வெளியே தெரியும் மென்முனைத் தோட்டாக்கள் சில துப்பாக்கிகளில் சேம்பருக்கு ஏறும் சரிவில் முனை நசுங்கி நிற்கும். கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். சுட்ட கூட்டையே மீண்டும் கையால் நிரப்பி நண்பர் தரும் தோட்டா என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். கழுத்தை மட்டும் சுருக்கிய கூடு போல்ட் ஆக்‌ஷனில் அழகாகப் போகும், செமி ஆட்டோமேட்டிக்கில் முழு நீளத்துக்கும் சுருக்கினால்தான் நம்பலாம். மெதுவாக எரியும் பவுடரும் ஆகாது. தோட்டா குழலை விட்டு வெளியேறும் நேரத்திலும் வாயு அழுத்தம் அதிகமாக இருந்தால் அந்த அடி முழுவதும் பிஸ்டனுக்கும் போல்ட்டை இயக்கும் தண்டுக்கும்தான். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்டில் அந்தத் தண்டு, ஆபரேட்டிங் ராட், வளைந்து போவது இதனால்தான்.

டெக்சாஸில் பன்றிக்குப் போகிறவர்கள் பலர் சைலன்சர் மாட்டுகிறார்கள். அது வாயுவைக் கொஞ்ச நேரம் அடைத்து வைப்பதால் போல்ட் வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் வரும். சுட்ட கூடு இன்னும் விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ட்ராக்டர் அதை இழுக்கும். அதே வேகத்தில் போல்ட் முன்னால் திரும்பும்போது மேகசின் ஸ்பிரிங்கால் அடுத்த தோட்டாவை உரிய நேரத்துக்குள் மேலே தள்ள முடியாது. ஆகவே ஒரு ஜாம் வந்தால் துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன் கீழே கிடக்கும் கூட்டைப் பொறுக்கிப் பாருங்கள். விளிம்பு வளைந்தோ கிழிந்தோ இருந்தால் வாயு அதிகம் அல்லது சேம்பர் அழுக்கு. கூடு தூரமாகப் பறக்காமல் காலடியிலேயே விழுந்தால் வாயு போதவில்லை, பிஸ்டனைக் கவனிக்க வேண்டும். ஏஆர்-10-ல் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த மாடல்கள் இருப்பது சைலன்சர்காரர்களுக்காகத்தான். சைலன்சர் மாட்டுவது உறுதி என்றால் என் பரிந்துரை பிஏஆரில் இருந்து அதற்கு மாறிவிடும்.

துடைப்பது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மழையில் நனைந்தால் அன்றைக்கே சேம்பர் பிரஷ் போட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். பிஸ்டனில் எண்ணெயைக் கொட்டாதீர்கள், எண்ணெய் வெந்து கரியாகும். மேகசின் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

போல்ட் ஆக்‌ஷன் போதுமா என்றால், நம்பகத்தில் அதை எதுவும் மிஞ்சாது. ஒட்டிக்கொண்ட கூட்டை நெம்பி எடுக்க உங்கள் கைபலமே இருக்கிறது. மான் மட்டும் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பன்றி கூட்டமாக வந்து கூட்டமாக ஓடுகிற பிராணி, அங்கே இரண்டாவது மூன்றாவது தோட்டாவுக்கு மதிப்பு இருக்கிறது. ஜெர்மனியில் காட்டுப்பன்றியை விரட்டி வேட்டையாடும்போது செமி ஆட்டோமேட்டிக் எடுத்துப் போகிறவர்களுக்கு மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றச் சட்டம் விடுவதில்லை. சேம்பரில் இருப்பதும் சேர்த்துத்தான். அதற்கே பிஏஆரும் பெனெல்லியும் அங்கே நன்றாக விற்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: சுட்ட அடுத்த நொடியே இன்னொரு தோட்டா சேம்பரில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நடப்பதற்கு முன் சேஃப்டி. "க்ளிக்" என்று சுடாமல் நின்றால், உடனே போல்ட்டைத் திறக்காமல் அரை நிமிடமாவது குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி காத்திருங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்: உங்கள் விசா என்ன? கிரீன் கார்டு இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. எச்1பி என்றால், அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே தடை உண்டு. அதற்கு இருக்கும் விலக்குகளில் நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் சிலர் உரிமம் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பன்றிக்குத் தேவையில்லைதான், ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு உங்களுக்குத் தேவை. இது நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதற்கும் பொருந்தும். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் விசா பற்றிக் கேட்பார்கள், உரிமத்தைக் காட்ட வேண்டும். டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். வேட்டைக்குப் போகிற எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் துப்பாக்கி இருக்கிறவரை அதைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.