உப்பின் வாசலில் ஒரு புரதம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நரம்பில் உள்ள சோடியம் கால்வாயும் சிறுநீரகத்தில் உள்ளதும் ஒன்றுதானா?

இல்லை, குடும்பமே வேறு. சோடியம் கால்வாய் என்பது செல்லின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு புரத வாசல். நரம்பில் இருப்பது மின்னழுத்தம் மாறினால் திறந்து, சில மில்லிவினாடிகளில் அடைத்துக்கொள்ளும். சிறுநீரகக் குழல், நுரையீரல், குடல் போன்றவற்றின் உட்பரப்பை மூடும் எபிதீலியத் திசுவில் உள்ள ‘ஈனாக்’ (ENaC) என்னும் கால்வாய் அப்படிச் சமிக்ஞைக்குக் காத்திருப்பதில்லை. தானாகவே திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணையலகுகள், அதாவது சேர்ந்து கால்வாயை உருவாக்கும் புரதத் துண்டுகள், அதற்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கனெஸ்ஸா, ரோசியே குழுவினர் எலியின் பெருங்குடலிலிருந்து அவற்றை 1993, 1994 ஆண்டுகளில் அடையாளம் கண்டார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயதிலேயே உயர் ரத்த அழுத்தம். பொட்டாசியம் குறைவு, ஆல்டோஸ்டீரோனும் குறைவு. உப்பைச் சேமிக்கும் ஹார்மோனே குறைந்திருக்க, அழுத்தம் ஏன் ஏறுகிறது?

மிகச் சரியான கேள்வி. ஈனாக் அளவுக்கு மீறிக் குவியும் மரபுக் கோளாறான லிடில் நோய்க்குறியை மருத்துவர் அவசியம் யோசிக்க வேண்டும். பீட்டா, காமா துணையலகுகளின் வால்பகுதியில் ஒரு சிறு அமினோ அமில வரிசை இருக்கிறது. நெட்4-2 என்னும் நொதி அதைப் பிடித்துக்கொண்டு, கால்வாயின் மீது யுபிக்விட்டின் என்ற குறியை ஒட்டும். குறி விழுந்த கால்வாயைச் செல் உள்ளிழுத்து அழித்துவிடும். மரபணுப் பிழையால் அந்த வால் அறுந்தாலோ மாறினாலோ நொதிக்குப் பிடி கிடைக்காது. அகற்றப்பட வேண்டிய கால்வாய்கள் செல்லின் மேற்பரப்பிலேயே குவிகின்றன. சோடியம் உடலுக்குள் திரும்புகிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. உடல் ஆல்டோஸ்டீரோனைக் குறைத்துப் பார்க்கிறது; பலனில்லை.

சிகிச்சையும் இதிலிருந்தே புரியும். ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து, ஆல்டோஸ்டீரோன் செல்லில் பற்றிக்கொள்ளும் இடமான ஏற்பியைத்தான் தடுக்கிறது, அதனால் இங்கே உதவாது. அமிலோரைடு என்ற மருந்து கால்வாயின் துளையையே அடைப்பதால் வேலை செய்கிறது. 1963இல் மருத்துவர் லிடில் விவரித்த நோயாளிக்குப் பிற்காலத்தில் சிறுநீரக மாற்று அறுவை நடந்தபோது அழுத்தம் சீரானது. கோளாறு சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? நோய் அரிதுதான். ஆனாலும் இளவயது ரத்த அழுத்தத்தை ‘மன அழுத்தம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆல்டோஸ்டீரோன் சுரப்பைத் தூண்டும் சிறுநீரக நொதியான ரெனினின் அளவையும் பாருங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்தே இது வரலாம், குடும்பத்தினரையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கு கோ-டிரைமாக்ஸசோல் சாப்பிட்ட அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறிவிட்டது. தொடர்பு உண்டா?

உண்டு. அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் அமிலோரைடைப் போலவே ஈனாக்கை அடைக்கும். முதியவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், எனாலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி: இந்தக் கால்வாய் இல்லாவிட்டால் பிறந்த குழந்தையால் மூச்சுவிட முடியாதாமே?

எலிக்குட்டிகளில் அது உண்மை. ஆல்ஃபா துணையலகு நீக்கப்பட்ட குட்டிகள் நுரையீரல் நீரை வெளியேற்ற முடியாமல் பிறந்த 40 மணி நேரத்துக்குள் இறந்தன. மனிதக் குழந்தைகளில் ஈனாக் செயலிழந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது மூச்சுத்திணறல் அல்ல. கடுமையான உப்பிழப்பும் ஏறும் பொட்டாசியமும்தான். பிறந்த முதல் வாரங்களில் வாந்தி, சோர்வு, எடை இழப்பு என்று வரும் குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் இரண்டின் அளவையும் உடனே பார்க்க வேண்டும்.