படுவான்கரை வீட்டுக்கு எந்த நாய்?

கேள்வி: ஐயா, நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், போரதீவுப்பற்றில் இருக்கிறோம். நாலு ஏக்கர் வயல், பதினொரு மாடு, கொஞ்சம் ஆடு, கோழி. வீட்டில் ஒருவரும் சும்மா இருப்பதில்லை. மூத்தவன் பாடசாலை உதைபந்தாட்டக் குழுவில் இருக்கிறான், விடிய எழும்பி வாய்க்கால் கட்டு வழியே ஓடுவான். மகள் எந்நேரமும் சைக்கிளில்தான். நானும் மனிசியும் வயலுக்கும் பட்டிக்கும் நடந்தபடி. எங்களுக்கு ஈடுகொடுத்து ஓடக்கூடிய நல்ல இன நாய் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போன வருடம் லாப்ரடோர் குட்டி ஒன்று வாங்கினோம். 35 நாள் குட்டி. வந்து ஆறாம் நாள் வாந்தி, பிறகு இரத்தமாகக் கழிச்சல், இரண்டு நாளில் செத்துவிட்டது. விற்றவர், நாங்கள் கொடுத்த சாப்பாடு பிழை என்றார். இப்போது வேறொருவர் போடர் கொலி குட்டி 75,000 ரூபாய்க்குத் தருகிறேன், அது மாட்டைத் தானே சாய்த்துக்கொண்டு வரும் என்கிறார். ஜேர்மன் செப்பர்ட்டும் இருக்கிறதாம். எது நல்லது? ஆணா, பெண்ணா? மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் ஊசி மருந்து மிச்சம் கிடக்கிறது, உண்ணிக்கு அதைக் குட்டிக்குப் போடலாமா? இந்தக் குட்டியும் செத்தால் மகள் தாங்கமாட்டாள்.

பதில்: தம்பி, போடர் கொலி வேண்டாம். செப்பர்ட்டும் வேண்டாம். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

போடர் கொலி கெட்டிக்கார நாய்தான், அதை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட குளிர்ந்த குன்றுகளில் செம்மறி மேய்ப்பதற்காக வளர்த்தெடுத்த இனம் அது. 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரு கடுவனின் வழியில்தான் இன்றைய போடர் கொலிகள் ஏறக்குறைய எல்லாமே வருகின்றன. பதுங்கிப் பதுங்கி வந்து கண்ணால் முறைத்தே மந்தையை நகர்த்துவது அதன் வேலை முறை. செம்மறி அதற்குப் பயந்து ஒதுங்கும். கன்று போட்ட நாட்டுப் பசு ஒதுங்காது, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நாயின் மேல் வரும். எருமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதோடு, அந்த நாய் பிறந்தவுடன் மாடு சாய்க்கத் தெரிந்துகொண்டு வருவதில்லை. விசில் சத்தத்துக்கு வலம் இடம் திரும்ப, நில் என்றால் படுக்க, மாதக் கணக்கில் ஒரு ஆள் கூடவே நின்று பழக்க வேண்டும். பழக்காமல் விட்டால் அந்த வெறி வேறு வழியில் போகும்: மகளின் சைக்கிள் சில்லு, வீதியில் போகும் மோட்டார் சைக்கிள், ஓடுகிற பிள்ளையின் குதிக்கால். பால் மாட்டை நாய் துரத்திக்கொண்டிருந்தால் பாலும் குறையும்.

செப்பர்ட்டுக்கு இரட்டை மயிர், அடியில் கம்பளி போல ஒன்று, மேலே ஒன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்முடைய பக்கம் 35 பாகையைத் தொடுகிற நாட்கள் வருகின்றன. நாய்க்கு நம்மைப் போல உடம்பு வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். வாவிக் காற்றில் ஈரம் கூடிய நாளில் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்யாது. மகனோடு ஓட ஒரு நாய் வேண்டும் என்று கேட்கிறீர்கள், அதற்கு இது பொருந்தாது. போதாக்குறைக்கு இடுப்பு மூட்டு நோவு அந்த இனத்தில் அதிகம். லாப்ரடோர் பிள்ளைகளோடு நல்லபடி பழகும், மூன்றிலும் அதுதான் பரவாயில்லை. ஆனால் அதற்கும் இரட்டை மயிர்தான். மழைக் காலத்தில் தோல் அவியும். நாலில் ஒரு லாப்ரடோருக்கு, பசி அடங்காமல் வைத்திருக்கும் ஒரு மரபணுக் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வீட்டில் ஆளாளுக்குச் சோறு வைத்தால் ஒரு வருடத்தில் ஓட முடியாத நாயாகிவிடும். இந்தியாவிலிருந்து ராஜபாளையம் கொண்டுவந்து தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அது வேட்டை நாய். உங்கள் கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஆகாது, வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவையும் பிறக்கின்றன.

இனம் பற்றி இவ்வளவு போதும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: போன குட்டி ஏன் செத்தது?

சாப்பாட்டால் அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரசாகத்தான் இருக்க வேண்டும். வைரஸ் உள்ளே போய் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் பெரும்பாலும் நோய் காட்டும், உங்களிடம் வந்த ஆறாம் நாள் காட்டியிருக்கிறது. விற்ற இடத்திலோ வந்த வழியிலோ பிடித்திருக்கும். உங்கள் மனிசி வைத்த சோற்றில் ஒரு பிழையும் இல்லை, இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அந்த வைரஸ் இன்னும் உங்கள் வளவில் இருக்கலாம். நிழலான, ஈரமான மண்ணில் அது ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். 75,000 ரூபாய்க் குட்டியை அரைகுறைத் தடுப்பூசியோடு அதே வளவில் இறக்கினால் போன வருடக் கதைதான் நடக்கும். எந்த இனம் என்றாலும் நடக்கும்.

முதலில் செய்ய வேண்டியது இது. குட்டி படுத்த சாக்கு, பெட்டி, சாப்பிட்ட கோப்பை எல்லாவற்றையும் எரியுங்கள் அல்லது எறியுங்கள். சீமெந்துத் தரையைச் சவர்க்காரம் போட்டு அழுக்குப் போகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றிப் பயனில்லை, மண்ணில் ஊற்றியும் பயனில்லை. மண் தரையில் அது கழிந்த இடத்தைச் செதுக்கி அகற்றி, மேலே கிளையை வெட்டி வெயில் விழ விடுங்கள்.

அப்புறம் குட்டி. இதில் நான் பல வருடமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்கக் கூடாது. குட்டியைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது, ஒரு மாதத்துக் குட்டி எல்லாமே அழகுதான். தாய்தான் உங்களுக்கு நாளைக்கு வரப்போகும் நாய்.

சொல்லாமல் கொள்ளாமல் பகலில் போங்கள். தாய் உங்களைக் கண்டு குரைக்க வேண்டும், வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னால் நிறுத்த வேண்டும். குரைக்காமல் கட்டிலுக்கடியில் ஒளிகிற தாயின் குட்டி வேண்டாம். வீட்டுக்காரர் சொல்லியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற தாயின் குட்டியும் வேண்டாம். பயமும் மூர்க்கமும் பாதி இரத்தத்தில் வரும், பாதி தாயைப் பார்த்து வரும். அரை மணித்தியாலம் உட்காருங்கள். கோழி குறுக்கே போனால் என்ன செய்கிறது? பட்டியிலிருந்து மாடு வந்தால் வழி விடுகிறதா, காலைக் கடிக்க ஓடுகிறதா? அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை வாலைப் பிடித்தால் என்ன செய்கிறது? படுத்த இடத்திலிருந்து எழும்பும்போது பின்னங்கால் இழுபடுகிறதா? காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி எவ்வளவு? தாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? தடுப்பூசி போட்ட தாயின் சீம்பால்தான் குட்டியின் முதல் கவசம். இவ்வளவும் பார்த்த பிறகு குட்டிகளைப் பாருங்கள்.

இதைச் செய்ய நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. வெல்லாவெளியிலும் மண்டூரிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் வயல் வாடிகளில் நிற்கிற ஊர் நாய்களில் அருமையான தாய்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று பெரும்போகம், அதாவது மாரி நெல் வெள்ளாமை, வயல் குடிசையான வாடியில் நின்று, பன்றியைக் கண்டு குரைத்து, மாட்டுக்கு வழி விட்டு, வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரனின் பின்னால் நாள் முழுக்க நடந்த நாய். குட்டை மயிர், ஒட்டிய வயிறு, 15லிருந்து 20 கிலோ. உங்கள் மகனோடு வாய்க்கால் கட்டில் ஓட அதைவிடப் பொருத்தமான நாயை எந்த நாட்டிலிருந்து இறக்கப் போகிறீர்கள்? வரிவரியாக வேங்கை நிறத்தில் இருப்பவற்றைப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஊர் நாய் என்றால் மதிப்பில்லை என்று நினைப்பது விற்பவர்கள் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், ஊர் நாய்க்கு நோய் வராது என்பதை. பார்வோ அதையும் கொல்லும். செத்த குட்டிகளை யாரும் எண்ணுவதில்லை, தப்பிய நாயைத்தான் நாம் வீதியில் காண்கிறோம். ஆகவே தாயின் வீட்டுக்காரரோடு பேசி, குட்டியை அங்கேயே விட்டு, தடுப்பூசிச் செலவை நீங்கள் கொடுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு. பார்வோ, நாய்களைக் கொல்லும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பரோடு எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த ஊசியாக இருக்கட்டும். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் அது தொற்றும், நீங்கள் சேற்றில் இறங்குகிற ஆட்கள். மற்ற வீடுகளில் எட்டு வாரத்தில் குட்டியை எடுக்கலாம் என்பேன். உங்கள் வளவுக்குக் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான். அதுவரை பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை அங்கே போய் விளையாடட்டும். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் குட்டி மனிதரைப் பழகுகிற காலம், அந்தக் காலத்தில் உங்கள் பிள்ளைகளின் மணம் அதற்குத் தெரிய வேண்டும்.

வியாபாரிகளைப் பற்றியும் கேளுங்கள். முப்பது முப்பத்தைந்து நாளில் தாயிடமிருந்து பிடுங்கி, பல இடத்துக் குட்டிகளை ஒரே அறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் இரவு பஸ்சில் அனுப்புகிறவர் நாய் வளர்ப்பவர் அல்ல, நோய் பரப்புகிறவர். ‘தாய் கொழும்பில் நிற்கிறது, படம் அனுப்புகிறேன்’ என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் தொகுதி இலக்கமும் வைத்தியரின் கையொப்பமும் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. இந்த ஊசி மருந்து 2லிருந்து 8 பாகைக்குள் குளிரில் இருக்க வேண்டியது. சட்டைப் பையில் கொண்டுவந்து தானே குத்திவிட்டேன் என்பவரின் ஊசியை நான் போடாத கணக்கில்தான் சேர்ப்பேன். வம்சப் பத்திரம் காட்டினாலும் அது தாய் தகப்பன் யார் என்று சொல்லுமே தவிர, அவற்றின் இடுப்பு எப்படி, குணம் எப்படி என்று சொல்லாது.

ஐவர்மெக்டின் மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள். மாட்டுக்கான மருந்தில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது, அது 50 கிலோ மாட்டு எடைக்கான அளவு. நாலு கிலோக் குட்டிக்கு அதைக் கண்ணால் அளந்து ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கொலி வம்சத்து நாய்களில் பலவற்றுக்கு இந்த மருந்தை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். தள்ளாடி, வாய் நீர் வடிந்து, கண் தெரியாமல் விழுந்து செத்துப்போகும். போடர் கொலியில் அது குறைவுதான், ஆனால் வியாபாரி கொலி என்று தருவதில் எந்த இரத்தம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செப்பர்ட்டிலும் சிலவற்றுக்கு உண்டு. இவ்வளவு ஆபத்துக்கும் நாய் உண்ணிக்கு அந்த மருந்து ஒழுங்காக வேலை செய்வதும் இல்லை. நாயில் ஏறுகிற பழுப்பு உண்ணி மாட்டு உண்ணி அல்ல, சுவர் வெடிப்பிலும் கூரை மரத்திலும் முட்டையிடும். வெடிப்பைப் பூசுங்கள். நாய்க்கு ஃபுளூரலானர், அஃபொக்சொலானர் வகை மாத்திரையை எடை பார்த்து வைத்தியரிடம் வாங்கிக் கொடுங்கள்.

பெண் குட்டி எடுங்கள். வீட்டோடு நிற்கும், அலைச்சல் குறைவு. ஆறு மாதமளவில் கருத்தடை செய்துவிடுங்கள். விசர் நாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. இலவச முகாம் வைக்கும்போது காசில்லாமலே போட்டுக்கொள்ளலாம்.

மகனிடம் சொல்லுங்கள், ஒரு வயது நிறையும் வரை நாயை நெடுந்தூரம் ஓட்டக் கூடாது, மூட்டு முற்றவில்லை. அதற்குப் பிறகும் ஆறரைக்குள் ஓடி முடித்துவிட வேண்டும். குளத்தில் நீந்த விடாதீர்கள், முதலை இருக்கிறது. யானை வருகிற நாளில் நாயை வாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம், வீட்டில் கட்டுங்கள். அது யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் பயந்து உங்களிடம்தான் ஓடிவரும், யானை அதன் பின்னால் வரும்.

பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டால் உங்களுக்குக் குட்டியைப் பார்க்க நேரம் கிடைக்காது. அதற்கு முன் வளவைத் துப்புரவாக்கி, தாய் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவள் கோழியைக் கண்டு என்ன செய்தாள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.