ஷெல் ஸ்கிரிப்ட் தகராறுகள்: பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் வாழும் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (செயின்ட் டெனி): அக்கா, குழாய்க் குறிக்கு (|) பின்னால், உரையில் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்கிறது. தனியாகப் போட்டால் ஓடுகிறது.

பதில்: பிரெஞ்சு விசைப்பலகைதானே தம்பி? அதில் குழாய்க் குறிக்கு ஆல்ட்-ஜிஆரோடு 6ஐ அழுத்துகிறோம். ஆல்ட்-ஜிஆரை விடுவதற்குள் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டால், பல அமைப்புகளில் வரி உடையாத இடைவெளி (என்பிஎஸ்பி) விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் மட்டும் அதை இடைவெளியாக ஏற்காது. கிரெப்பின் பெயரோடு ஒட்டிய எழுத்தாக எடுத்துக்கொண்டு, இல்லாத கட்டளையைத் தேடும்.

கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய ‘ஏ’ விருப்பத்தோடு கோப்பின் மேல் ஓட்டுங்கள். அந்த இடத்தில் ‘எம்-பிஎம்-’ என்று காட்டும். அழித்துவிட்டு மறுபடி தட்டினால் சரியாகிவிடும். லினக்ஸில் எக்ஸ்11 திரையமைப்பைப் பயன்படுத்துபவர்கள், விசைப்பலகையை அமைக்கும் செட்எக்ஸ்கேபிமேப்பில் ‘என்பிஎஸ்பி:நன்’ விருப்பத்தை வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

கேள்வி (செயின்ட் ஆந்த்ரே): விண்டோஸில் எழுதி அனுப்பிய ஸ்கிரிப்ட் ‘தவறான இன்டர்பிரெட்டர்’ என்று நிற்கிறது.

பதில்: விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஓர் எழுத்து வைக்கும். அது முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லான பேஷின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் நிரலை ஓட்டுங்கள்.

கேள்வி (லே போர்): மாறிக்கு (வேரியபிளுக்கு) தமிழில் பெயர் வைக்கலாமா?

பதில்: பேஷில் முடியாது. மதிப்பாகத் தமிழ் தாராளமாக வரலாம்.

கேள்வி (செயின்ட் பியேர்): கோயில் நன்கொடைக் கணக்கில், எண்ணை வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் 12.50ஐ ‘செல்லாத எண்’ என்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் அதே ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது!

பதில்: நல்ல கேள்வி. உங்கள் கணினி பிரெஞ்சு மொழியமைப்பில் இருக்கிறது. அதில் பின்னத்துக்குக் காற்புள்ளி, 12,50 என்று. கணக்குப் போடும் பிசி கட்டளையோ எப்போதும் புள்ளி வைத்துத்தான் விடை தரும். கிரான் பெரும்பாலும் உங்கள் மொழியமைப்பை எடுத்துக்கொள்ளாது, அதனால் அங்கே தப்பித்தது. ஸ்கிரிப்டின் தலையில் எண் வடிவத்தைத் தீர்மானிக்கும் எல்சி_நியூமெரிக்குக்கு ‘சி’ என்று மதிப்புக் கொடுங்கள். எல்சி_ஆல் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால் அதுதான் செல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செயின்ட் பால்): கிரானில் காலை 6 மணிக்கு வைத்த வேலை சில மாதம் 8 மணிக்கும் சில மாதம் 9 மணிக்கும் ஓடுகிறது.

பதில்: சர்வர் பாரிஸ் நேரத்தில் இருக்கிறது. அங்கே கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. சர்வரின் நேர வலயத்தை ரீயூனியனுக்கு மாற்றி, கிரானை மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி (லே தம்போன்): நோட்பேடில் எழுதினேன், ‘தவறான இன்டர்பிரெட்டர்’...

பதில்: மேலே செயின்ட் ஆந்த்ரேக்காரருக்குச் சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன் மேலே உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி (செயின்ட் லூயி): காவடிப் படங்களின் பெயரில் இடைவெளி இருக்கிறது. நகலெடுக்கும்போது ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்கிறது.

பதில்: கோப்பின் பெயர் வைத்த மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் பெயரை இடைவெளியில் வெட்டி இரண்டு கோப்பாக்கிவிடும். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் போடும் வரியில் இன்னும் கவனம் வேண்டும்: அடைவின் (ஃபோல்டரின்) பெயர் வைத்த மாறி வெறுமையாக இருந்து, அதற்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் இருந்தால், அழிவது, எல்லா அடைவுகளுக்கும் மேலான வேர் அடைவு. அங்கே மேற்கோளும் காப்பாற்றாது. 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலின் ஸ்கிரிப்டில் இப்படித்தான் ஒருவருடைய கோப்புகள் போயின. மாறிப் பெயரை நெளி அடைப்புக்குள் எழுதி, அதற்குள்ளேயே முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், வெறுமையானபோது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

செயின்ட் டெனியிலிருந்து ஓர் அண்ணன்: இவ்வளவு எதற்கு? தலையில் ‘செட் -இ’ போட்டால் எந்தப் பிழையிலும் நின்றுவிடுமே.

பதில்: நிற்காது அண்ணா. இஃப் நிபந்தனைக்குள் தோற்கும் கட்டளையை அது கண்டுகொள்வதில்லை. அந்த நிபந்தனையில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அதற்குள் நடக்கும் தோல்விகளையும் விட்டுவிடும்.

அண்ணன்: மற்ற இடங்களிலாவது காப்பாற்றுகிறதே.

பதில்: காப்பாற்றும், ஆனால் தேவையில்லாத இடத்திலும் நிறுத்தும். கிரெப் தேடியது கிடைக்காவிட்டால் 1 என்று திருப்பும், அது பிழையே இல்லை. புதிதாகப் படிப்பவர் ஸ்கிரிப்ட் ஏன் பாதியில் நின்றது என்று தெரியாமல் தவிப்பார்.

செயின்ட் பியேர்: அப்போ போடலாமா, வேண்டாமா?

பதில்: போடுங்கள். அதோடு, அடைவு மாற்றும் சிடி போடும் ஒவ்வொரு வரியிலும் இரட்டைக் குழாய்க் குறி வைத்து எக்ஸிட் எழுதுங்கள். அடைவு மாறாமலே அடுத்த வரியில் ஆர்எம் ஓடினால் என்ன ஆகும் என்று அண்ணனுக்கும் தெரியும்.