இறந்தவுடன் பரலோகமா, கடைசி நாளில் உயிர்த்தெழுதலா? கிறிஸ்தவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள்?

கேள்வி கேட்டவர் கேட்டிருப்பது இதுதான்: கிறிஸ்தவர் ஒருவர் இறந்தால் "பரலோகம் போய்விட்டார்" என்கிறார்கள். அதே ஆட்கள் "கடைசி நாளில் கல்லறையிலிருந்து எழுந்திருப்பார்" என்றும் சொல்கிறார்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர் திரும்ப எதற்கு எழ வேண்டும்? தேவனுடைய ராஜ்யம் என்பது பரலோகத்துக்கு இன்னொரு பெயரா? உடலை எரித்துவிட்டால் என்ன ஆகும்?

நான் நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். மனைவி வீட்டார் கத்தோலிக்கர். பெரியம்மா குடும்பம் பெந்தெகொஸ்தே. ஒரே துக்க வீட்டில் மூன்று விதமான ஆறுதலையும் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் வால்போஸ்டர்களிலேயே பார்க்கலாம்: ஒன்றில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றிருக்கும், பக்கத்திலேயே இன்னொன்றில் "பரம வீடு சேர்ந்தார்" என்றிருக்கும். தூங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்ற உங்கள் குழப்பம் நியாயமானதுதான்.

பெரும்பாலான சபைகள் இரண்டையுமே நம்புகின்றன. ஆனால் இரண்டும் சம எடை உள்ளவை அல்ல. இறந்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது இடைக்காலத்துக்கான ஆறுதல். கடைசி நம்பிக்கை அது இல்லை. சரீரம் எழுந்திருப்பதும், தேவனுடைய ஆட்சி இந்தப் பூமிக்கு வருவதும்தான் கடைசி நம்பிக்கை. பிரசங்கங்களில் முதலாவது மட்டும் சத்தமாகவும் இரண்டாவது மெதுவாகவும் கேட்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

யோவான் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாளின் சகோதரன் லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. "உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான்" என்று இயேசு அவளிடம் சொல்கிறார். அவன் இப்போது மேலே நிம்மதியாக இருக்கிறான் என்று மார்த்தாள் பதில் சொல்லவில்லை. கடைசி நாளில் நடக்கும் உயிர்த்தெழுதலில் அவனும் எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியும் என்கிறாள். அன்றைய யூதர்களில் பலருடைய நம்பிக்கை அதுதான். தானியேல் 12இல், பூமியின் தூளில் தூங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்று இருக்கிறது. யூதர்களில் பரிசேயர்கள் என்ற பிரிவினர் இதை நம்பினார்கள், சதுசேயர்கள் என்ற பிரிவினர் மறுத்தார்கள்.

யாரும் எதிர்பார்க்காதது என்னவென்றால், எல்லோருக்கும் கடைசியில் நடக்க வேண்டியது ஒரே ஒருவருக்கு, வரலாற்றின் நடுவில், முன்கூட்டியே நடந்தது என்பதுதான். ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல், கிறிஸ்துவை "முதற்பலன்" என்பது இதனால்தான். முதல் கதிர்க்கட்டு களத்துக்கு வந்துவிட்டால் மீதி அறுவடையும் வரும்.

அந்த உயிர்த்தெழுதல் எப்படிப்பட்டது என்பதைச் சுவிசேஷங்கள் கவனமாகச் சொல்கின்றன. லாசரு வெளியே வரும்போது கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டியிருந்தன. வேறு ஆள்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. அவன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பியவன், பின்னால் மறுபடியும் இறந்திருப்பான். இயேசுவின் கல்லறையில் சீலைகள் மட்டும் கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த துணி மற்றவற்றோடு கிடக்காமல் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைத்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். இவர் சாவைத் தாண்டிப் போனவர். அந்தத் துணி இனி அவருக்குத் தேவையில்லை.

அப்புறம் அவர் சீஷர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். ஆணி பாய்ந்த தழும்புகளைக் காட்டுகிறார். ஆவி என்று பயந்தவர்களிடம், தொட்டுப் பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாது என்கிறார். ஆனால் பூட்டிய கதவுக்குள்ளும் வந்து நிற்கிறார். மகதலேனா மரியாளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை, தோட்டக்காரன் என்று நினைத்துவிட்டாள். அதே உடல்தான், ஆனால் புதுப்பிக்கப்பட்ட உடல். தழும்பு இருக்கிறது, வலி இல்லை.

பவுல் இதை கொரிந்து சபைக்கு விளக்க நேர்ந்தது. உடல் ஒரு சிறை, ஆன்மா அதிலிருந்து விடுபடுவதே மீட்பு என்ற எண்ணம் ஊறிப்போன கிரேக்கச் சூழல் அது. ஏதென்ஸில் அவர் மரித்தோர் எழுவதைப் பற்றிப் பேசியபோது சிலர் கேலி செய்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. இருந்தும் அவர் இறங்கிவரவில்லை. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று 1 கொரிந்தியர் 15இல் எழுதினார். எந்த உடலோடு எழுவார்கள் என்று கேட்டவர்களுக்கு விதையைக் காட்டினார்: "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்."

சரி, அதுவரை இறந்தவர்கள் எங்கே? இந்த இடத்தில் வேதாகமம் குறைவாகவே பேசுகிறது. தம்மோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடம் இயேசு, இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்கிறார். உடலை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்கிறார் பவுல். இவ்வளவுதான், மீதியைச் சபைகள் பல விதமாக நிரப்பியிருக்கின்றன. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது பரலோகம் சேருமுன் ஆன்மாக்கள் சுத்திகரிக்கப்படும் நிலையை, நம்புகிறார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களுக்காக மன்றாடுவது அதனால்தான். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள், உயிர்த்தெழும்வரை உணர்வில்லாத உறக்கம் என்கிறார்கள்.

இந்தக் கேள்வி ஒரு போப்பையே தடுமாற வைத்தது. 1331இல் பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோன் நகரில் இருந்த போப் 22ஆம் யோவான், பரிசுத்தவான்களின் ஆன்மாக்கள்கூடக் கடைசித் தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கித்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1334இல் மரணப்படுக்கையில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல், சுத்திகரிப்பு தேவைப்படாத ஆன்மாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலின் 6ஆம் அதிகாரம். இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பரலோகத்தில், பலிபீடத்தின் கீழே இருக்கின்றன. அங்கே இருந்துகொண்டே அவை கடவுளிடம் "எதுவரைக்கும்?" என்று கேட்கின்றன. பரலோகம் போய்ச் சேர்ந்தவர்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பூமியில் நியாயம் நடக்காதவரை அவர்களுக்கும் முடியவில்லை. போய்ச் சேர்ந்தவர் ஏன் எழ வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

தேவனுடைய ராஜ்யத்துக்கு வருகிறேன். கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். எங்களை உம் ராஜ்யத்துக்குக் கூட்டிக்கொண்டு போம் என்று அதில் இல்லை. "உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்றுதான் இருக்கிறது. திசை மேலிருந்து கீழே. வெளிப்படுத்தல் 21இலும் அதேதான்: புதிய எருசலேம் இறங்கி வருகிறது, தேவன் மனுஷரோடு குடியிருக்க வருகிறார், கண்ணீரைத் துடைக்கிறார். ரோமர் 8இல் படைப்பு முழுவதுமே விடுதலைக்காகத் தவிக்கிறது. இயேசு கலிலேயாவில் ராஜ்யம் சமீபமாயிற்று என்று அறிவித்ததும், நோயாளிகளைத் தொட்டதும், ஒதுக்கப்பட்டவர்களோடு பந்தியிருந்ததும் அந்த ஆட்சியின் தொடக்கம். அது முளைத்துவிட்டது, முழுசாக இன்னும் வரவில்லை.

வெளிப்படுத்தல் 20இல் வரும் ஆயிரம் வருஷ அரசாட்சியை நேரடியாக எடுப்பதா, அடையாளமாக எடுப்பதா என்பதில் சபைகள் பிரிகின்றன. அதில் நான் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் பெரியம்மா வீட்டில் அடிக்கடி பேசப்படும் "இரகசிய வருகை" பற்றிச் சொல்லியாக வேண்டும். விசுவாசிகள் திடீரென்று மறைந்து மேலே போய்விடுவார்கள், பூமி உபத்திரவத்துக்கு விடப்படும் என்ற இந்தத் திட்டம் இப்போதைய வடிவில் 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியிடமிருந்து வந்தது. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை உலகமெங்கும் பரப்பியது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது 1 தெசலோனிக்கேயர் 4: கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்ற வசனம்.

ஒருவரை எதிர்கொண்டு போகிறவர்கள் என்ன செய்வார்கள்? மாப்பிள்ளை அழைப்பில் ஊர் எல்லைவரை போகிறவர்கள் மாப்பிள்ளையோடு அப்படியே வெளியூர் போய்விடுவதில்லை; மேளத்தோடு அவரை வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். பவுல் ரோமாபுரியை நெருங்கும்போது அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம்வரை எதிர்கொண்டு வந்தார்கள், பிறகு அவரோடு ரோமாபுரிக்குத்தான் போனார்கள். ராஜாவை வரவேற்றுப் பூமிக்கு அழைத்து வருவதாகத்தான் அந்த வசனத்தை நான் வாசிக்கிறேன். பெரியம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "ராஜா வருகிறார்" என்பதில் எங்களுக்குள் பேதம் இல்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பொழுது விடிந்ததிலிருந்து சுற்றுவார். விரல் நுனிகளில் தோல் காய்த்துப்போய் இருக்கும். கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் கைநிறைய அள்ளிக் கழித்துப் போட்டுவிட்டு மீதிக்குத்தான் கூலி தருவார்கள். அவர் இறந்த அன்று ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "இது வெறும் கூடுதான் தம்பி, அம்மா இங்கே இல்லை" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அக்கா அந்தக் காய்த்த விரல்களைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எங்களை வளர்த்தது அந்த விரல்கள்தான். அவற்றை வெறும் கூடு என்று கடவுள் தூக்கிப் போட்டுவிடுவார் என்றால், நான் நம்புகிற கடவுள் அவர் இல்லை. ஏசாயா 65இல் புதிய வானம் புதிய பூமி பற்றிய வாக்குத்தத்தம் வருகிறது. அங்கே ஜனங்கள் தாங்கள் கட்டிய வீட்டில் தாங்களே குடியிருப்பார்கள். அவர்கள் நட்டதின் பலனை வேறு ஒருவர் சாப்பிட மாட்டார். மேகத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஆன்மாவுக்கு இந்த வாக்குத்தத்தத்தால் என்ன பயன்? கையும் வீடும் நிலமும் உள்ளவர்களுக்கான வாக்குத்தத்தம் இது.

இஸ்தான்புல்லில் கோரா தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது அது மசூதி. அதில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய உயிர்த்தெழுதல் சுவரோவியம் ஒன்று உண்டு, படங்களில் தேடிப் பாருங்கள். வெள்ளை உடையில் கிறிஸ்து காலை அகட்டி நிற்கிறார். காலடியில் பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து கிடக்கின்றன, பூட்டும் சாவியும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுத்தெடுக்கிறார். உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். எழுந்திருக்கிற பலம் அவர்கள் இருவரிடமும் இல்லை, முழு இழுப்பும் அவருடையது. கிழக்கத்திய சபைகள் உயிர்த்தெழுதலை இப்படித்தான் வரைகின்றன: அவர் தனியாக எழுவதில்லை.

கடைசியாக, உடலை எரிப்பது பற்றி. கி.பி. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பதே அவர்கள் நோக்கம் என்று அந்தச் சபையார் எழுதிய கடிதம் சொல்கிறது. சபை வரலாற்று ஆசிரியர் யூசேபியு அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். அந்தச் சாம்பலால் தங்கள் நம்பிக்கை அழிந்துவிட்டதாக அந்தச் சபை நினைக்கவில்லை. மண்ணில் புதைத்ததும் சில காலத்தில் மண்தானே ஆகிறது? ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தவருக்குச் சாம்பல் ஒரு தடை இல்லை. கத்தோலிக்க சபை 1886இல் எரியூட்டலைத் தடை செய்தது, 1963இல் அனுமதித்தது. 2016இல் வந்த அறிவுரையும் அடக்கம் செய்வதையே சிறந்ததாகச் சொல்கிறது. எரித்தால் சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்கச் சொல்கிறது. சீர்திருத்த சபைகள் பலவற்றில் இதற்குத் தடை இல்லை. சென்னை போன்ற ஊர்களில் கல்லறைக்கு இடம் கிடைக்காமல், குடும்பக் கல்லறையையே திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். எரியூட்டலைத் தேர்ந்தெடுக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால், உயிர்த்தெழுதலை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ அந்தச் சபையின் முறையை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.