கார்டில் பணம் இருந்தும் விளம்பரம் நின்றது ஏன்? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆன்லைன் விளம்பரக் கணக்கு, பணம் கட்டுவதில் வந்த தகராறால் முடங்கிவிட்டது. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிகள் எழுதியவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கேள்வி: திருப்பூரில் வீட்டிலிருந்தே குழந்தைகள் உடை தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். தீபாவளிக்கு முன், ஆர்டர் குவியும் நேரத்தில், 'பணம் பெற முடியவில்லை' என்று சொல்லி விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். கார்டில் போதுமான பணம் இருந்தது. அப்புறமும் ஏன் இப்படி?

உங்கள் கணக்கு தானியங்கிக் கட்டண முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் விளம்பரம் முதலில் ஓடும், பணம் பிறகு எடுக்கப்படும். செலவு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டதும், அல்லது மாதக் கணக்கு முடிந்ததும், நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து தானாகவே பணத்தை எடுக்கப் பார்க்கும். சிக்கல் அங்கேதான் வருகிறது.

2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து இப்படித் தொடர்ந்து பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு இருக்கிறது. முதலில் ஓடிபி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எடுக்கும் தொகை ரிசர்வ் வங்கி வைத்த வரம்பைத் தாண்டினால் அந்த முறை திரும்பவும் ஓடிபி தேவை. அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. மாதாமாதம் ஒரே தொகை, ஒரே தேதி என்று போகும் சந்தாவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. விளம்பரச் செலவுக்கோ தேதியும் கிடையாது, தொகையும் நிலையில்லை. பண்டிகை நேரத்தில் நீங்கள் பட்ஜெட்டை ஏற்றுகிறீர்கள், ஒரே வாரத்தில் பலமுறை விளம்பர நிறுவனத்தின் செலவு வரம்பு நிரம்புகிறது, ஏதோ ஒரு முறை வங்கி 'முடியாது' என்று சொல்லிவிடுகிறது. கார்டில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த இடத்தில் பயனில்லை.

வங்கி பக்கம் இன்னும் சில காரணங்கள் உண்டு. 2020-க்குப் பிறகு தரப்பட்ட கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் நீங்களாக ஆன் செய்யும் வரை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நாள் வரம்பைக் குறைவாக வைத்திருந்தாலும் பணம் போகாது. காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருந்தால், 2022 அக்டோபர் முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது, டோக்கன்தான் (எண்ணுக்குப் பதிலான மாற்றுக் குறியீடு) வைக்கலாம் என்பதால், புதுக் கார்டை நீங்களே மறுபடி சேர்த்துவிடுவது நல்லது.

பணம் போகவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது, கணவர் கார்டு, அண்ணன் கார்டு, தோழி கார்டு என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். திருட்டுக் கார்டு வைத்திருப்பவர்களும் இப்படித்தான் அடுத்தடுத்து முயல்வார்கள். கணக்கைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. பாக்கியைக் கட்டினால் சரியாகியிருக்க வேண்டிய சாதாரண விஷயம், 'சந்தேகத்துக்குரிய கட்டணம்' என்ற பெரிய முடக்கமாக மாறிவிடும். முதலில் வங்கியைக் கூப்பிட்டு ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள். தடையை நீக்கிவிட்டு, அதே கார்டில் ஒரே ஒரு முறை பாக்கியைக் கட்டுங்கள்.

மறுபடி வராமலிருக்க வழி, முன்பணம் கட்டும் முறை. மொபைலில் ப்ரீபெய்டு மாதிரிதான். மெட்டாவிலும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் நிறுவனம்) கூகுள் ஆட்ஸிலும் இந்தியாவில் யுபிஐ, நெட் பேங்கிங் வழியாகப் பணம் ஏற்றிவைக்கலாம். இருப்பு தீர்ந்தால் விளம்பரம் நிற்கும், அவ்வளவுதான். பாக்கி என்று பெரிதாக எதுவும் சேராது. சிறு வியாபாரிகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முதலில் தேர்ந்தெடுத்த முறையைப் பிறகு மாற்ற எல்லாக் கணக்கிலும் முடியாது. உங்கள் பில்லிங் பக்கத்தில் அந்த வசதி தெரிகிறதா பாருங்கள்.

சீசன் முழுவதற்குமான பணத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். வேறு காரணத்துக்காகக் கணக்கு முடங்கினால், இருப்பைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். நான்கைந்து நாள் செலவுக்கு இருந்தால் போதும். 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள்: வரி உட்பட 5,000 ரூபாய் என்றால் விளம்பரத்துக்கு மிஞ்சுவது சுமார் 4,237 ரூபாய். ஜிஎஸ்டி எண் இருந்தால் கணக்கில் சேர்த்துவிடுங்கள், உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும், அதாவது இங்கே கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு அது கிடையாது.

கேள்வி: மதுரையில் கேட்டரிங் நடத்துகிறேன். யுபிஐ-யில் 3,000 ரூபாய் விளம்பரக் கணக்குக்கு ஏற்றினேன். வங்கியில் கழிந்துவிட்டது, விளம்பரக் கணக்கில் வரவில்லை. 'உடனே பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க' என்கிறார் நண்பர். போடலாமா?

அவசரப்பட வேண்டாம். பணம் கழிந்து வியாபாரிக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ பரிவர்த்தனைகளை, நடந்த நாளுக்கு அடுத்த ஐந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதிவு செய்யுங்கள். யுடிஆர் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) எழுதி வைத்துக்கொண்டு விளம்பர நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கும் அனுப்புங்கள். வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம்.

நண்பர் சொல்வது கார்டில் செய்யும் சார்ஜ்பேக்கை மனதில் வைத்து என்று நினைக்கிறேன். ஓடி முடிந்த விளம்பரத்துக்கான பணத்தை 'நான் கட்டவில்லை' என்று வங்கி வழியாகத் திரும்ப எடுத்தால், கணக்கை முடக்குவதற்கு அதுவே போதுமான காரணம். அந்தத் தொகையும் பாக்கியாக நிற்கும். பில்லில் தவறு இருந்தால் முதலில் விளம்பர நிறுவனத்திடம்தான் பேச வேண்டும்.

ஒரே விதிவிலக்கு, உங்கள் கணக்கை யாராவது களவாடி, உங்கள் கார்டில் விளம்பரம் ஓட்டியிருந்தால். அப்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. இது 2017 முதல் இருக்கும் விதி.

கேள்வி: இளம்பிள்ளையில் சேலைக் கடை வைத்திருக்கிறோம். கடை பெயரில் கணக்கு, பணம் கட்டியது மச்சானின் கார்டில். 'சந்தேகத்துக்குரிய கட்டணம்' என்று முடக்கிவிட்டார்கள். வேறு இமெயிலில் புதுக் கணக்கு தொடங்கினேன், அதுவும் முடங்கியது. இப்போது ஒருவர், கமிஷன் கொடுத்தால் முடங்காத 'ஏஜென்சி அக்கவுண்ட்' வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது, ஏனென்றால் இரண்டாவது கணக்கு தொடங்கியதில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. முடக்கப்பட்டவர் வேறு பெயரில் நுழைவதை விதியை ஏமாற்றுவதாகவே பார்ப்பார்கள், அது பணத் தகராறைவிடப் பெரிய குற்றம். மூன்றாவதாக ஒன்று தொடங்கவே கூடாது. முதல் கணக்கிலிருந்துதான் முறையிட வேண்டும்.

முறையிடுவதற்கு முன் பாக்கி ஏதாவது இருந்தால் கட்டிவிடுங்கள். பிறகு பெயர்களைப் பாருங்கள். கட்டண விவரத்தில் உள்ள பெயர், பான் அல்லது ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள பெயர், கார்டில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மச்சான் பங்குதாரர் என்றால் அதற்கான சான்று வையுங்கள். இல்லையென்றால் கடை வங்கிக் கணக்கின் கார்டுக்கு மாறிவிடுவதாகச் சொல்லுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம். என்ன விற்கிறோம், யார் பணம் கட்டினார், அவர் எங்களுக்கு என்ன உறவு, இனி எப்படிக் கட்டுவோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டாவது கணக்கு தொடங்கியதையும் மறைக்காதீர்கள், அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை பொறுங்கள். தினமும் அதையே திரும்ப அனுப்புவதால் நன்மை இல்லை.

வாடகைக் கணக்கு விஷயத்துக்கு வருவோம். அதில் எதுவுமே உங்களுடையது அல்ல. அதே கணக்குகளின் வழியாக வேறு யாரோ மோசடி விளம்பரம் ஓட்டினால் உங்கள் விளம்பரமும் சேர்ந்து நிற்கும், நீங்கள் கொடுத்த பணம் அவர் கையில்தான் இருக்கும். இவ்வளவு நாள் சேர்ந்த வாடிக்கையாளர் தரவும் போய்விடும். நேர்மையான ஏஜென்சிகள் கணக்கை உங்கள் பெயரிலேயே தொடங்கி, நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் கேட்பார்கள். 'கணக்கு யார் பெயரில்? பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் வருமா?' இந்த இரண்டையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். தள்ளுபடி கூப்பன் விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். தகுதியில்லாத கூப்பனைப் பயன்படுத்தினாலும் கணக்கு முடங்கும்.

கேள்வி: 'பணம் கட்டாததால் உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று மெசஞ்சரில் லிங்க் வந்திருக்கிறது. உண்மையா?

பொய். லிங்கைத் தொடாதீர்கள். பாக்கி இருந்தால் உங்கள் விளம்பரக் கணக்கின் பில்லிங் பக்கத்தில் தெரியும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இப்போதே மாற்றிவிட்டு 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: முடங்கிய கணக்கில் என் முன்பணம் மாட்டியிருக்கிறது. தனியாளாகத் தொழில் செய்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கம் சேவையைத் தனியாகக் குறிப்பிடவில்லை. அதனால் உங்களைப் போன்றவர்கள் முயன்று பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆள் வைத்து நடத்தும் பெரிய கடைகளுக்குக் கடினம்.

முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். கணக்கைத் திறந்துவிடச் சொல்வதைவிட, செலவாகாத முன்பணத்தைக் கேட்பதே வலுவான கோரிக்கை. கூகுள் ஆட்ஸில் கணக்கை முறைப்படி ரத்து செய்தால் மீதி இருப்பைத் திருப்பித் தருவார்கள். இலவசமாகக் கிடைத்த கூப்பன் தொகை அதில் சேராது. பணம் கட்டிய வங்கிக் கணக்கை இடையில் மூடியிருந்தால், ரத்து செய்வதற்கு முன்பே அதை உதவிப் பிரிவுக்குத் தெரிவித்து, வேறு எந்தக் கணக்கில் பெறலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.